வோல்டேஜைக் கூட்டினா கரண்ட் குறையுமா டாக்டர்? – பேட்டரிப் படகின் கதை (பெரிய இழை)

போன சாரல் சீசன்ல ஒரு ஞாயிற்றுக்கிழமை. செங்கோட்டையில் விடியற்காலையிலிருந்து தூறல். அருவிப் பாறையில் வழுக்கி விழுந்தவர்கள், கண்ட எண்ணெயில் பொரித்த பஜ்ஜியைத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள் என்று கிளினிக்கில் வழக்கமான சீசன் கூட்டம். நடுவில் பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருத்தன், அம்மாவோடு வந்து நின்றான்.

வலது கையில் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம். அதன் மேல் யாரோ நீலப் பேனா மையை ஊற்றியிருந்தார்கள்.

"என்னலே ஆச்சு?"

"படகு, டாக்டர்."

இரண்டடி நீளமுள்ள ரிமோட் கன்ட்ரோல் படகு. பக்கத்துக் குளத்தில் ஓட்டுவானாம். அதோடு வந்தது 7.4 வோல்ட் பேட்டரி. கூட்டாளி ஒருத்தனின் ட்ரோனில் இருந்த 11.1 வோல்ட் பேட்டரியைக் கழற்றி இதில் மாட்டியிருக்கிறான். போட்டதும் ஃப்யூஸ் போயிருக்கிறது. ஃப்யூஸ் போனால் நம்ம வீடுகளில் என்ன செய்வோம்? அதையேதான் அவனும் செய்திருக்கிறான். கம்பியை முறுக்கி நேரா இணைத்துவிட்டான். மூன்றாவது நிமிஷம் படகுக்குள் புகை. கரைக்கு இழுத்து வயரைப் பிடுங்கப் போனவனின் விரலில் உருகிய பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டது.

கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கேட்ட கேள்விதான் இந்த இழைக்குக் காரணம்.

"வோல்டேஜைக் கூட்டினா கரண்ட் குறையும்னுதானே டாக்டர் புத்தகத்துல இருக்கு? கரண்ட் குறைஞ்சா சூடும் குறையணும்ல? பின்ன எப்படி உருகிச்சு?"

எனக்குச் சட்டென்று பதில் தெரியவில்லை. எம்.பி.பி.எஸ்.ல இதெல்லாம் சொல்லித் தரமாட்டாங்க. "அடுத்த டிரெஸ்ஸிங்குக்கு வரும்போது சொல்றேன்"னு அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியா உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க ஒரு ஆச்சரியம். இந்தப் பேட்டரி, மோட்டார், படகுக் கதையில் பக்கத்துக்குப் பக்கம் டாக்டர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பெயர் சொல்லாமல் எழுதிக்கொள்ள அம்மாவும் பையனும் சம்மதித்துவிட்டதால் இங்கே போடுகிறேன்.

கதைக்குள் போகும் முன் ஒன்று. தீக்காயத்தில் பேனா மை, பற்பசை, மாவு, மஞ்சள் எதுவும் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து ஓடும் சாதாரணத் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க. மையைத் துடைத்தெடுக்கவே எனக்குக் கால் மணி நேரம் ஆனது. அவன் கத்தியது காத்திருந்த ஹால் வரைக்கும் கேட்டது.

சரி, கதைக்கு வருவோம்.

உலகத்தின் முதல் பேட்டரியை மனுஷன் செய்யவில்லை. மீன்தான் செய்தது. தமிழகக் கடற்கரையிலும் வலையில் சிக்குகிற மின்திருக்கையைத் தொட்டவர்களுக்குத் தெரியும், கை மரத்துப்போகும். ரோமப் பேரரசர் கிளாடியஸ் காலத்தில், அதாவது கி.பி. முதல் நூற்றாண்டில், ஸ்க்ரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர் இதை வைத்தே வைத்தியம் எழுதி வைத்திருக்கிறார். தீராத தலைவலிக்கு உயிருள்ள மின்திருக்கையை வலிக்கிற இடத்தில் வைக்க வேண்டும். கால் வாத வலிக்கு ஈரக் கரையில் நின்று அதன் மேல் காலை வைத்து, மரத்துப்போகும் வரை நிற்க வேண்டும். (வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். சொல்ல வேண்டியது என் கடமை.)

இந்த மீனின் உடம்பில் தட்டுத் தட்டாகச் செல்கள் அடுக்கியிருக்கும். தென் அமெரிக்க ஆறுகளில் இருக்கிற மின்விலாங்கிலும் அதே ஏற்பாடுதான். ஒரு செல் தருவது சுமார் 0.15 வோல்ட். ஆயிரக்கணக்கில் வரிசையாக அடுக்கினால் நூற்றுக்கணக்கான வோல்ட். 2019-ல் பிரித்தறிந்த ஒரு மின்விலாங்கு இனத்தில் 860 வோல்ட் வரை அளந்திருக்கிறார்கள். கடலில் இருக்கிற மின்திருக்கைக்கோ சுமார் 50 வோல்ட்தான்.

அப்போ திருக்கை நோஞ்சானா? இல்லை. கடல்நீர் உப்பு நீர், மின்சாரம் அதில் சுலபமாக ஓடும். அதனால் திருக்கை குறைந்த வோல்டேஜில் நிறைய ஆம்பியரைத் தள்ளுகிறது. ஆற்று நீரில் உப்பு குறைவு, மின்சாரத்துக்குத் தடை அதிகம். அதனால் விலாங்கு செல்களை நீளமாகத் தொடராக அடுக்கி வோல்டேஜை ஏற்றிக்கொண்டது. திருக்கை செல் அடுக்குகளைப் பக்கம் பக்கமாக இணையாக வைத்துக்கொண்டது. எதிரே இருக்கிற தண்ணீர் எப்படியோ அதற்குத் தகுந்த பேட்டரி.

பையன் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இந்த மீன்களிடமே இருக்கு. மீதிப் பாதிக்கு இத்தாலி போகணும்.

போலோன்யா நகரத்தில் லூயிஜி கால்வானி என்று ஒரு மருத்துவர். செத்த தவளையின் காலை இரண்டு விதமான உலோகங்களால் தொட்டபோது கால் துள்ளியது. உயிர்களின் உடம்பிலேயே மின்சாரம் இருக்கிறது என்று 1791-ல் எழுதினார். பவியா பல்கலைக்கழகத்தின் அலெசாண்ட்ரோ வோல்டா ஒத்துக்கொள்ளவில்லை. மின்சாரம் தவளையிலிருந்து வரவில்லை, அந்த இரண்டு உலோகங்களிலிருந்து வருகிறது என்றார். சண்டை வருஷக்கணக்கில் நடந்தது. (இன்றைக்கு ஈ.சி.ஜி. எடுக்கும்போதெல்லாம் கால்வானியும் முழுக்கத் தப்பில்லை என்று எங்களுக்குத் தெரிகிறது.)

தான் சொன்னதை நிரூபிக்க வோல்டா வெள்ளித் தட்டு, துத்தநாகத் தட்டு, நடுவில் உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி ஒரு தூண் போல அடுக்கினார். ஒரு ஜோடிக்கு ஒரு வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அடுக்க அடுக்க ஏறும். 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அதில் தன் கருவியை மின்திருக்கையின் உறுப்போடு ஒப்பிடுகிறார். மீனைப் பார்த்துச் செய்த அடுக்கு அது. அந்த 860 வோல்ட் விலாங்குக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரும் வோல்டாவின் பெயர்தான், எலெக்ட்ரோஃபோரஸ் வோல்டாய்.

கடிதம் லண்டன் போன சில வாரங்களிலேயே அடுத்த டாக்டர் வந்துவிட்டார். ஆன்டனி கார்லைல் என்ற அறுவை மருத்துவர், வில்லியம் நிக்கல்சன் என்ற நண்பரோடு சேர்ந்து அதே மாதிரி ஒரு அடுக்கைக் கட்டி, இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் விட்டார். கம்பி முனையில் குமிழி குமிழியாக வாயு. தண்ணீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்தது.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். ஏன்னா இது படகை விட முக்கியம்.

தண்ணீரைப் பிரிக்கக் குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும். நடைமுறையில் அதற்கும் கொஞ்சம் மேலே. சின்ன ரிமோட்டுகளில், ஒளிரும் பொம்மைகளில் வருகிற பட்டன் பேட்டரி இருக்கிறதல்லவா? பழைய வாட்ச் பட்டன் 1.5 வோல்ட். இப்போ வருகிற காசு மாதிரி தட்டையான, 20 மில்லிமீட்டர் அகல லித்தியம் பட்டன் 3 வோல்ட். அதைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால், கார்லைல் கண்ணாடிக் குழாயில் பார்த்த அதே வேலை குழந்தையின் தொண்டைக்குள் நடக்கும். எதிர்முனை தொடுகிற இடத்தில் காரம் உண்டாகி, தசையை அரிக்கும். 2 மணி நேரத்திலேயே கடுமையான புண் வந்துவிடும். பேட்டரி உடைய வேண்டாம், ஒழுக வேண்டாம். "செல்லு தீர்ந்துபோனதுதான் டாக்டர்" என்று சொல்லாதீர்கள். பொம்மை ஓடாத அளவுக்குத் தீர்ந்த செல்லிலும் இந்த வேலைக்குப் போதுமான மிச்சம் இருக்கும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 1.5 வோல்ட்டுக்கும் 3 வோல்ட்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மறுபடி படகு.

பேட்டரியால் ஆட்களை ஏற்றிக்கொண்டு படகு விட்டவர் மோரிட்ஸ் யாகோபி, ரஷ்யாவில் வேலை பார்த்த ஜெர்மானியப் பொறியாளர். 1838-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் நேவா ஆற்றில், ஜார் மன்னரின் காசில். 8 மீட்டர் நீளத் துடுப்புச் சக்கரப் படகு, பத்துப் பன்னிரண்டு பேர், 320 ஜோடித் தட்டுகள். வேகம் மணிக்கு 2.5 கிலோமீட்டர். நம்ம தாத்தாக்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நடந்தாலே அதைத் தாண்டிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் க்ரோவ் என்பவரின் புது வகைச் செல்லுக்கு மாறினார். பழைய செல் ஒன்றுக்கு 1.1 வோல்ட் அளவு, இது 1.9. மோட்டாரையும் மாற்றினார். வேகம் 4 கிலோமீட்டருக்கு ஏறியது. ஆனால் அந்தச் செல்லில் நைட்ரிக் அமிலம் உண்டு. ஓடும்போது செம்பழுப்பு நிறப் புகை வரும். அது நைட்ரஜன் டை ஆக்ஸைடு, நுரையீரலுக்குக் கெடுதி. மூடாத படகில், ஆற்றுக் காற்றில் விட்டதால் பிழைத்தார்கள். கடைசியில் திட்டம் நின்றதற்குக் காரணம் புகை இல்லை, காசு. நீராவிப் படகில் எரிவது நிலக்கரி. இதில் தீர்வது துத்தநாகம். கட்டுப்படியாகுமா?

யாகோபி படகைக் கரையில் விட்டுப் போனாலும் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடித்து வைத்தார். மாடல் படகு விடுகிற எல்லாருக்கும் இன்றைக்கும் அவை வேணும்.

ஒன்று: சுழலும் மோட்டார் சும்மா சுழலாது. அதுவே ஒரு டைனமோவாகவும் வேலை பார்த்து, பேட்டரிக்கு எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜைத் தள்ளும். அந்த எதிர்ப்புதான் கரண்ட்டைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. மோட்டாரின் வேகம் குறையக் குறைய எதிர்ப்பு குறையும், கரண்ட் ஏறும். ப்ரொப்பெல்லரில் ஆகாயத்தாமரை சிக்கி மோட்டார் நின்றேவிட்டால் எதிர்ப்பு பூஜ்யம். அப்போ பேட்டரியால் எவ்வளவு தர முடியுமோ அத்தனையும் வந்து கொட்டும். வீட்டுக் கிணற்று மோட்டார் இறுகி நின்றால் காயில் எரிந்த வாசம் வருவதற்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

இரண்டு: ஒரு மோட்டாரிடமிருந்து அதிகபட்ச வேலையை வாங்கினால், பேட்டரி தருவதில் பாதி சூடாகவே வீணாகும். முழு பலத்தையும் கசக்கிப் பிழியாமல் ஓட்டினால்தான் சேதாரம் குறையும்.

அடுத்தவர் குஸ்தாவ் த்ரூவே, பாரிஸ்காரர். இவர் டாக்டர் இல்லை. ஆனால் டாக்டர்களுக்குப் பிடித்தமான ஆள். உடம்புக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்கும் கருவி, குண்டடி பட்டவரின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று காட்டும் மின்கருவி எல்லாம் செய்து கொடுத்தவர். எண்டோஸ்கோப்பி செய்துகொண்ட எல்லாரும் இவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அந்தக் கருவிகளுக்காகச் சின்னச் சின்னதாக மோட்டாரும் பேட்டரியும் செய்து கை பழகியிருந்தது. 1881 மே 26 அன்று சேன் ஆற்றில் ஒரு சின்னப் படகை மின்சாரத்தில் ஓட்டினார். சுக்கான், மோட்டார், ப்ரொப்பெல்லர் மூன்றையும் ஒரே துண்டாகச் செய்து, படகின் பின்னால் மாட்டவும் கழற்றவும் முடிகிற மாதிரி வைத்திருந்தார். இன்றைக்கு நம்ம மீனவர்கள் வள்ளத்துக்குப் பின்னால் மாட்டுகிற வெளி எஞ்சினுக்கு இதுதான் பாட்டன்.

அதே பாரிஸ், அதே 1881. சில மாதம் கழித்து அங்கே கூடிய உலக மின்சார மாநாட்டில்தான் வோல்ட், ஆம்பியர் என்ற அளவுகளையே எல்லா நாடும் ஒப்புக்கொண்டன. அதுவரைக்கும் ஆளுக்கொரு கணக்கு.

1898-ல் நியூயார்க்கில் நிகோலா டெஸ்லா, மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கண்காட்சியில் ஒரு தொட்டி நீரில் சின்ன இரும்புப் படகை விட்டார். கயிறு இல்லை, வயர் இல்லை. தூரத்தில் நின்று திருப்பினார். உள்ளே சேமிப்பு பேட்டரி, ஓட்ட ஒரு மோட்டார், சுக்கானைத் திருப்ப ஒரு மோட்டார், ரேடியோ அலையைப் பிடிக்கும் கருவி. அந்த நவம்பர் 8-ல் காப்புரிமையும் கிடைத்தது. செங்கோட்டைக் குளத்தில் புகைந்த படகுக்கும் அதற்கும் உள் ஏற்பாட்டில் அதிக வித்தியாசமில்லை. மாறியது பேட்டரிதான்.

இந்த இடத்தை வேகமாகக் கடக்கிறேன். ஈயச் செல் ஒன்றுக்கு 2 வோல்ட், ஆறு சேர்த்தால் 12 வோல்ட். கார் பேட்டரியும் இன்வெர்ட்டர் பேட்டரியும் 12 வோல்ட்டாக இருப்பதற்கு வேறு ரகசியமில்லை. 1899-ல் ஸ்வீடனின் யுங்னர் நிக்கல் காட்மியம் செல்லைச் செய்தார், ஒன்றுக்கு 1.2 வோல்ட். மாடல் கார், படகுக்காரர்கள் அதில் ஆறைச் சேர்த்துக் கட்டினார்கள். 7.2 வோல்ட். பல பத்தாண்டுகள் அதுவே வழக்கம். '540' என்று கடைக்காரர்கள் சொல்லும் மோட்டார் அந்த 7.2 வோல்ட்டை வைத்தே பழகிய மோட்டார். லித்தியம் அயான் பேட்டரி 1991-ல் சோனி மூலமாகக் கடைக்கு வந்தது. அதன் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட். இரண்டு சேர்த்தால் 7.4. பழைய மோட்டாருக்கு இது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. மூன்று சேர்த்தால் 11.1. அங்கேதான் நம்ம பையன் மாட்டினான்.

இப்போ அவன் கேள்வி.

எங்க ஊருக்கு 1904-லேயே கொல்லத்திலிருந்து ரயில் வந்துவிட்டது. அப்போ செங்கோட்டை திருவிதாங்கூரில். 1956 நவம்பர் 1-ல்தான் இந்தப் பக்கம் வந்தோம். அந்த மலைப்பாதையில் நீராவி போய், டீசல் போய், இப்போ மின்கம்பி. அதில் 25,000 வோல்ட். ஆனால் 1931-ல் சென்னை கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் தொடங்கியபோது போட்டது 1,500 வோல்ட். 1960-களில்தான் அதையும் 25,000-க்கு மாற்றினார்கள். ஏன்? 4,500 கிலோவாட் இழுக்கிற எஞ்சினுக்கு 1,500 வோல்ட்டில் கொடுத்தால் 3,000 ஆம்பியர் போக வேண்டும். 25,000 வோல்ட்டில் கொடுத்தால் 180 ஆம்பியர் போதும். வயரில் வீணாகும் சூடு ஆம்பியரின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். ஆக, புத்தகத்தில் இருந்தது சரி. பையன் படித்ததும் சரி.

ஆனால் அந்த 25,000 வோல்ட் ரயிலின் மோட்டாருக்குப் போவதில்லை. எஞ்சினுக்குள் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. மோட்டாருக்கு எது தாங்குமோ அதுவரை இறக்கித்தான் கொடுக்கும். எடுக்கிற பவர் மாறாமல் இருந்தால்தான் வோல்டேஜ் ஏற ஏற கரண்ட் குறையும். பையன் படகில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. மோட்டாரும் அதே, ப்ரொப்பெல்லரும் அதே. வோல்டேஜை ஒன்றரை மடங்காக்கினான், மோட்டார் ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழலப் பார்த்தது. தண்ணீர் சும்மா விடுமா? ப்ரொப்பெல்லர் விழுங்கும் பவர் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். ஒன்றரை பெருக்கல் ஒன்றரை பெருக்கல் ஒன்றரை, கிட்டத்தட்ட 3.4 மடங்கு. வோல்டேஜ் ஏறியது ஒன்றரை மடங்குதான். அப்போ கரண்ட் இரண்டேகால் மடங்கு ஏறியாகணும்.

எண்ணில் சொன்னால்: பழைய பேட்டரியில் 12 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சுமார் 89 வாட். புதுப் பேட்டரியில் 27 ஆம்பியர், சுமார் 300 வாட். வயரில் சூடு? இரண்டேகாலின் வர்க்கம், ஐந்து மடங்கு. நிஜத்தில் மோட்டார் திணறிக் கொஞ்சம் மெதுவாவதால் இதில் கொஞ்சம் குறையும். ஆனாலும் அவன் முறுக்கிய கம்பிக்கு அதுவே எமன். முதலில் போன ஃப்யூஸ் ஒழுங்காக வேலை பார்த்துத்தான் செத்தது.

11.1 வோல்ட் தப்பா? இல்லவே இல்லை. அதற்கேற்ற மோட்டார் வேணும். ப்ரஷ் இல்லாத மோட்டார்களில் 'கேவி' என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். அது கிலோவோல்ட் இல்லை. ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பது. 1,000 கேவி மோட்டாருக்கு 11.1 வோல்ட் கொடுத்தால் சுமையில்லாமல் 11,100 சுற்று. ப்ரஷ் மோட்டாரில் அந்த எண் இருக்காது. உள்ளே கம்பி அதிகச் சுற்று சுற்றியிருந்தால் மெதுவான மோட்டார், அவ்வளவுதான். முன்பு இருந்ததில் மூன்றில் இரண்டு பங்கு கேவி உள்ள மோட்டாரை 11.1 வோல்ட்டில் போட்டால் ப்ரொப்பெல்லர் பழைய வேகத்திலேயே சுழலும். அதே 89 வாட். கரண்ட்? 8 ஆம்பியர். 12-லிருந்து 8. புத்தகம் சொன்னது அப்படியே நடக்கும்.

ஆகையால் கடைக்குப் போகும்போது பேட்டரியிலிருந்து தொடங்காதீர்கள். படகிலிருந்து தொடங்குங்கள். இழுவைப் படகு, மீன்பிடிப் படகு மாதிரி மெதுவாகப் போகிற மாடலா? பெரிய ப்ரொப்பெல்லர், குறைந்த கேவி. தண்ணீர் மேல் வழுக்கிப் பறக்கிற ரேஸ் படகா? சின்ன ப்ரொப்பெல்லர், அதிக கேவி, மோட்டாரைச் சுற்றித் தண்ணீர்க் குழாய். மெதுவான மாடலுக்குப் பழைய ஈய பேட்டரி கூட நல்லதுதான். எப்படியும் அடியில் பாரம் வைக்கணும், அது பேட்டரியாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே. எதுவானாலும் ஒரு ஃப்யூஸ். முதல் தடவை ஒரு நிமிஷம் ஓட்டிவிட்டுக் கரைக்கு வரவழைத்து மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள். விரல் வைக்க முடியவில்லை என்றால் ப்ரொப்பெல்லரைச் சின்னதாக்குங்கள்.

லித்தியம் பேட்டரி உப்பியிருந்தால் அதோடு உறவு முடிந்தது, சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் போடுவது சிமென்ட் தரையில், ஆள் இருக்கும்போது. மெத்தை மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போகக் கூடாது. புகை வந்தால் மூக்கை நீட்டி முகராதீர்கள். அதில் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு இருக்கும். விலகி நில்லுங்கள்.

கடைசியா ஒரு படகு. வைக்கம் என்றால் நமக்குப் பெரியார் நினைவுக்கு வருவார். அந்த வைக்கத்திலிருந்து வேம்பநாட்டுக் காயலைக் கடந்து தவணக்கடவுக்கு, சுமார் 2.5 கிலோமீட்டர், 2017 ஜனவரியிலிருந்து ஒரு படகு போகிறது. பெயர் ஆதித்யா. கேரள அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகு, கட்டியது கொச்சியின் நவால்ட் நிறுவனம். கூரை முழுக்கச் சூரியத் தகடு, 75 பயணிகள், தலா 20 கிலோவாட்டில் இரண்டு மோட்டார், 50 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு மோட்டாரையும் முழுசாக முடுக்கினால் 40 கிலோவாட். பேட்டரி ஒண்ணேகால் மணி நேரத்தில் காலி. ஆனால் அது பகல் முழுக்க இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வருகிறது. வெயில் ஒரு பக்கம் உதவுகிறது. தண்ணீரை அதிகம் கிழிக்காத, மெலிந்த இரட்டை உடல் இன்னொரு பக்கம். அதைவிட, அது முழு வேகத்தில் ஓடுவதில்லை. மும்மடிக் கணக்கு இங்கே நமக்குச் சாதகம். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால் தேவைப்படும் பவர் பாதியாகிவிடும்.

2020-ல் உலக அளவில் சிறந்த மின்படகுகளுக்குக் கொடுக்கும் விருது ஒன்றில், பயணிகள் படகுப் பிரிவில் ஆதித்யா ஜெயித்தது. விருதின் பெயர் என்ன தெரியுமா? குஸ்தாவ் த்ரூவே விருது.

பையனுக்கு மூன்றாவது டிரெஸ்ஸிங்கின்போது இதையெல்லாம் சொன்னேன். பேப்பர் வாங்கி அவனே கணக்குப் போட்டுப் பார்த்தான். "அப்போ தப்பு பேட்டரி மேல இல்ல டாக்டர், நான் மோட்டாரை மாத்தல" என்றான். "ஃப்யூஸையும்" என்றார் அவன் அம்மா.

காயம் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. ஆள்காட்டி விரல் நுனியில் மட்டும் தோல் கொஞ்சம் வெளுப்பு. அதிகச் சுற்று மோட்டார் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறான். தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரின் கிளாம்ப் மீட்டரில் அளந்தபோது 8.6 ஆம்பியர் காட்டியதாம். போட்டோ அனுப்பினான். 15 ஆம்பியர் ஃப்யூஸ் படகுக்குள் இருப்பதும் அந்தப் போட்டோவில் தெரிகிறது. குளத்தில் இப்போ தண்ணி இல்லை, வீட்டுச் சிமென்ட் தொட்டியில்தான் ஓட்டம். பரீட்சை லீவில் வைக்கம் போய் ஆதித்யாவில் ஏறணுமாம். என்னையும் கூப்பிட்டிருக்கிறான். டூட்டி பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.